அந்தச் சந்தையில் நாம்தான் வெளிநாட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதிக் கைவினைப் பொருள்கள் ஆன்லைன் சந்தைகள் வழியாக வெளிநாடு போவதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டிலிருந்தே கடை திறக்கும் முறையைத் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கடையை எங்கிருந்தோ ஒருவர் ஒரு புகார் அனுப்பி மூடவைத்துவிட முடியும் என்பது மட்டும் அதில் இல்லை. புதுச்சேரியின் வில்லியனூர், திருக்கனூர் பக்கத்துக் கைவினைஞர்களுக்கு ஏற்றுமதிக் காகிதங்களைத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்யும் ஒரு குடும்பம், அமெரிக்க வாடிக்கையாளர்கள் அதிகம் வரும் ஒரு தளத்தில் விற்று வந்தது. கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில் வேறொரு செல்லர் (தளத்தில் விற்பவர்) இவர்களுடைய படங்களையே எடுத்துப் போட்டு, அச்சில் வார்த்த மலிவுப் பொம்மைகளை விற்க ஆரம்பித்தார். படங்கள் இந்த வீட்டுத் திண்ணையில் எடுத்தவை. பின்னால் உள்ள தூண்கூடத் தெரிகிறது! அதோடு விடாமல், 'இந்தப் படங்கள் என்னுடையவை' என்று பதிப்புரிமைப் புகாரும் அவரே அனுப்பினார். தளம் இவர்களுடைய லிஸ்டிங்கை, அதாவது பொருளை விற்பனைக்குக் காட்டும் பக்கத்தை, எடுத்துவிட்டது. வரவேண்டிய பணமும் நின்றுபோனது. திருடியவர் கடை மட்டும் திறந்தே இருந்தது.

இதற்கு அமெரிக்காவில் சட்டம் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, புகாருக்கு ஆளானவர், அந்தப் புகார் தவறு என்று தளத்துக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம். புகார் செய்தவர் வழக்குப் போடாவிட்டால், தளம் 10 முதல் 14 வேலைநாள்களுக்குள் லிஸ்டிங்கைத் திரும்பப் போட வேண்டும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவரிடம் நட்டஈடும் கேட்கலாம். ஆனால் அந்த எதிர் அறிவிப்பில் ஒரு வரி வருகிறது: வெளிநாட்டில் இருப்பவர், தளம் இருக்கும் பகுதியின் அமெரிக்க மத்திய நீதிமன்ற அதிகாரத்தை ஏற்பதாக ஒப்புதல் தர வேண்டும். அந்த வரியைப் படித்ததும் பொம்மை செய்யும் அந்தக் குடும்பத்து அம்மா, 'நமக்கு எதுக்குப்பா கோர்ட்டு' என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, வழக்கு வந்தால் எந்த இடத்தில் வரும் என்பதற்குத்தான் அது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல அப்போது யாரும் இல்லை. பொய்ப் புகார் கொடுப்பவர்கள் இந்தப் பயத்தை நம்பித்தான் கொடுக்கிறார்கள்.

நம் கைவினைஞர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் உரிமையற்றவர்கள் அல்லர் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். வணிகச்சின்னம் போன்ற தொழில்துறைச் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கையில் இந்தியா 7.12.1998 முதல் உறுப்பு நாடு. போட்டியாளரின் பொருளோடு குழப்பம் உண்டாக்குவது, அவரைப் பற்றிப் பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது, சரக்கின் தன்மையைப் பற்றி வாங்குபவரை ஏமாற்றுவது ஆகிய நேர்மையற்ற போட்டிச் செயல்களை அதன் 10ஆம் பிரிவின் துணைப்பிரிவு தடுக்கச் சொல்கிறது. அதுவும், உள்நாட்டவருக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு உறுப்பு நாட்டவர் எல்லாருக்கும். அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டம் இதை வெளிப்படையாகவே ஏற்கிறது. ஜெர்மனியில் நேர்மையற்ற போட்டிக்கு எதிராகத் தனிச் சட்டமே உண்டு. பிரான்சில் தனிச் சட்டம் கிடையாது. ஒருவர் செய்த தவறால் இன்னொருவருக்கு நட்டம் வந்தால் தவறு செய்தவர் ஈடுகட்ட வேண்டும் என்ற 1804 சிவில் சட்டத் தொகுப்பின் 1382ஆம் பிரிவை வைத்தே நீதிபதிகள் இதை வளர்த்தெடுத்தார்கள். இப்போது அதன் எண் 1240. பழைய எண் புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டம் படித்த பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும்.

உரிமை இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்தும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. ஜெர்மனியில் வழக்குப் போடும் வாதி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்றால், எதிர்த்தரப்பு கேட்டதும் வழக்குச் செலவுக்குப் பிணைத்தொகை கட்ட நேரும். பொம்மை விற்ற காசில் அது முடிகிற காரியமா?

எனக்கு அதிக வருத்தம் தருவது இன்னொன்று. ஆன்லைன் தளங்கள் வணிகர்களை நியாயமாக நடத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது, 12.7.2020 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கணக்கை முடக்கினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முழுவதுமாக நீக்குவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பெரிய தளங்கள் புகார் கேட்க உள்அமைப்பும் வைத்திருக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் ஒன்றியத்துக்குள் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டுமே அவை பொருந்தும். ஒரே தளம், ஒரே கமிஷன், ஒரே வாடிக்கையாளர். பிரான்சின் லியோனில் இருப்பவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வில்லியனூரில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. இது சரியல்ல.

இதை மாற்ற முடியாது என்று சொல்ல வேண்டாம். ஜெர்மனியின் வணிகப் போட்டி ஆணையம் நடத்திய விசாரணைக்குப் பிறகு, 2019இல் அமேசான் செல்லர்களுக்கான ஒப்பந்த விதிகளைத் திருத்தியது. 30 நாள் முன்னறிவிப்பும், உடனடி நீக்கத்துக்குக் காரணம் சொல்வதும் அதில் வந்தன. அந்தத் திருத்தம் ஜெர்மன் வணிகர்களோடு நிற்காமல் உலகெங்கும் உள்ள அதன் சந்தைகளுக்குப் பொருந்தியது. ஒரு நாட்டு அதிகாரி உறுதியாகக் கேட்டதில் எல்லா நாட்டு வியாபாரிகளுக்கும் பலன் கிடைத்தது. நம் அரசு வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது வரிக்குறைப்போடு இதையும் கேட்க வேண்டும்: எங்கள் செல்லரை முடக்கினால் உங்கள் செல்லருக்குச் சொல்லும் காரணத்தை அவருக்கும் சொல்லுங்கள், அவர் முறையீட்டையும் கேளுங்கள்.

இங்கே செய்ய வேண்டியதும் உண்டு. தனி ஒருவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ போய் வழக்காட முடியாது. பாரிஸ் உடன்படிக்கையே உற்பத்தியாளர் சங்கங்கள், அந்தந்த நாட்டுச் சட்டம் இடம் தரும் அளவுக்கு, நேர்மையற்ற போட்டிக்கு எதிராக நடவடிக்கை எடுக்க வழிசெய்யச் சொல்கிறது. நம் கைவினைக் கூட்டுறவுச் சங்கங்கள் இதைப் பயன்படுத்த வேண்டும். புதுச்சேரி மாவட்டத் தொழில் மையத்தில், எதிர் அறிவிப்பு எழுதத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் வாரத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும். செல்லர்களும் படம் எடுத்த போனின் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். தேதியோடு இருக்கும் அந்தக் கோப்பைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நம் நாட்டில் எடுத்த படத்துக்கும் அங்கே பதிப்புரிமை உண்டு. இங்கிருந்து வழக்குப் போட அமெரிக்காவில் முன்பதிவு கட்டாயமில்லை.

வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் நம் நாட்டில், ஊர்ப் பெயரைப் பாதுகாக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. கைவினைப் பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய புவிசார் குறியீட்டு ஒழுங்குமுறை 1.12.2025 முதல் பொருந்துகிறது. சொந்த நாட்டில் பாதுகாப்புப் பெற்ற வெளிநாட்டுப் பொருள்களுக்கும் அதில் விண்ணப்பிக்கலாம். அப்படிப் பதிவு கிடைத்தால், அச்சில் வார்த்த பொம்மையைத் திருக்கனூர்ப் பெயரில் அங்கே யாரும் விற்க முடியாது. இந்த விண்ணப்பத்தைப் புதுச்சேரி அரசு முன்னின்று தயாரிக்க வேண்டும். இதைப் பற்றித் தொழில் துறை அதிகாரிகளிடம் தங்கள் நிருபர் ஒருவர் கேட்டு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணியில் உள்ள வாசகர்,
வில்லியனூர், புதுச்சேரி.