சில்வண்டும் பாடும் ஆல்பம்

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் குட்டிப் பையன் நலமும் அறிய ஆவல். போனில் தினமும் பேசினாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ போனை எடுப்பதே சமைத்துக்கொண்டோ காரில் போய்க்கொண்டோதான்.

மாப்பிள்ளை அனுப்பிய ஆல்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அமெரிக்க நாட்டுப்புற இசைக்காரர்கள் ரியானன் கிடென்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் சேர்ந்து 2025 ஏப்ரலில் வெளியிட்டார்களே, ‘வாட் டிட் த பிளாக்பேர்ட் சே டு த குரோ’, அதை மட்டும் இதுவரை ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். கிட்டார் மாதிரி மீட்டுகிற ஒரு பாஞ்சோ, ஒரு ஃபிடில் (நம் வயலின்தான்), பதினெட்டுப் பாட்டு. முதல் முறை கேட்டபோது பின்னால் ஏதோ இரைச்சல் வந்தது. ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று அப்பா வயரைப் பிடுங்கி மாட்டினார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அது சில்வண்டு. 2024 மே மாதம் அமெரிக்காவில், டர்ஹாமில் உங்கள் வீட்டுப் பின்பக்கம் நாள் முழுக்கக் கேட்ட அதே சத்தம்.

நினைவிருக்கிறதா? பையன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் மரமெல்லாம் அலறியது. குழந்தை பயந்துவிடுவான் என்று நான் உள்ளே வந்துவிட்டேன். அவனோ அந்தச் சத்தத்தில்தான் தூங்கினான். மாப்பிள்ளைதான் சொன்னார்: அவை 13 ஆண்டு மண்ணுக்குள் மரத்தின் வேர்ச்சாற்றைக் குடித்தே வளருமாம், பிறகு மேலே வந்து சில வாரம் பாடிவிட்டுப் போய்விடுமாம். 17 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேறொரு கூட்டமும் இலினாய் பக்கத்தில் அதே வருஷம் வெளிவந்தது. அந்த இரண்டும் ஒன்றாக வந்து 1803-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

அந்த 2024-இல்தான் கிடென்ஸும் ராபின்சனும் ஸ்டூடியோவுக்குப் போகாமல், வெட்டவெளியில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பறவைச் சத்தமும் வண்டுச் சத்தமும் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது. உங்கள் டர்ஹாமுக்குப் பக்கத்து ஊரான மெபேனில், அவர்கள் குரு ஜோ தாம்சன் வாழ்ந்த வீட்டில். அதே வட கரோலைனா மாநிலத்து மார்கன்டனில், எட்டா பேக்கர் என்ற கிட்டார்க்கார அம்மாவின் வீட்டில். இருவரும் இப்போது இல்லை. குரு போய்ச் சேர்ந்த பிறகு அவர் வீட்டுக்கே போய், அவர் சொல்லிக்கொடுத்ததை வாசித்திருக்கிறார்கள்.

ஜோ தாம்சன் தன் அப்பாவிடம் ஃபிடில் கற்றவர். அறுவடை முடிந்து கூடி ஆடும் இரவுகளுக்கு வாசித்த கறுப்பினக் குடும்பம். 2005-இல் கிடென்ஸ், ராபின்சன், டாம் ஃப்ளெமன்ஸ் என்று மூன்று இளைஞர்கள் அவரைத் தேடிப் போனபோது அவருக்கு 86 வயது. வியாழன் தோறும் போய் அவர் முன்னால் உட்கார்ந்து கற்றார்கள். நோட்டுப் புத்தகம் கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூட வாசிப்பார்கள், தப்பினால் மறுபடியும். அப்படிப் பிறந்ததுதான் கரோலைனா சாக்லேட் டிராப்ஸ் குழு. அவர் 2012-இல் காலமானார்.

அவர்கள் அப்படித் தேடிப்போக வேண்டி வந்ததே ஓர் அநியாயத்தால்தான். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். முதலில் சுரைக்குடுக்கையில் செய்தார்கள், அந்தக் காலத்தில் நம் வீணையின் தண்டுக்கடியில் மாட்டிய அதே குடுக்கை. 1920-களில் ரெக்கார்டு கம்பெனிகள் வந்தபோது, கறுப்பர் என்றால் ப்ளூஸ், வெள்ளையர் என்றால் ஃபிடில், பாஞ்சோ என்று கடைக்காக இரண்டு அலமாரி பிரித்துவிட்டார்கள். பாஞ்சோ வாசித்த கறுப்பர்களை அதிகம் பதிவு செய்யவே இல்லை. ரெக்கார்டில் இல்லாதது ஊரிலும் இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டே தலைமுறையில், பாஞ்சோ யாருடையது என்பதையே நாடு மறந்துவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாஞ்சோவில் கட்டைவிரல் படும் அந்தக் குட்டைத் தந்தியைக் கவனித்துக் கேள். பாட்டு எங்கே போனாலும் அது ஒரே சுரத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். நமக்குச் சுருதி நிற்பது மாதிரி. ராபின்சனின் வில்லில் நாசூக்கு இல்லை, அழுத்தம்தான். ஆடுபவர் காலுக்காக வாசிக்கிற வில் அது. கச்சேரிக் காதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டால்தான் அதன் அழகு பிடிபடும்.

மற்றவையும் நன்றாகவே இருந்தன. கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் பாடிய ‘உட்லேண்ட்’ 2024-இல் வந்தது. 2020 மார்ச்சில் நாஷ்வில்லில் சூறாவளி அவர்கள் ஸ்டூடியோவின் கூரையைப் பிய்த்தபோது, இருட்டில் நனைந்துகொண்டே பழைய டேப்புகளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்களாம். அதே இடத்தைச் சீர்செய்து, அதன் பெயரையே ஆல்பத்துக்கு வைத்துவிட்டார்கள். கென்டக்கிக்காரர் டைலர் சில்டர்ஸின் ‘ஸ்னைப் ஹன்டர்’ 2025 ஜூலையில் வந்தது. அதில் ‘தீர்த்த யாத்ரா’ என்றே ஒரு பாட்டு, குருக்ஷேத்திரம் பார்க்கும் ஆசையைப் பாடுகிறார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு அந்தச் சில்வண்டு ஆல்பத்தைவிட்டு மனசு நகரவில்லை.

யாழினி, நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். டர்ஹாமிலிருந்து மெபேன் காரில் சுமார் அரை மணி நேரம்தான். அந்தப் பக்கத்திலேயே கற்றவர்கள், கற்றுக்கொடுப்பவர்கள் இருப்பார்கள். விசாரி. வாரத்தில் ஒரு மாலை போய் அவர்கள் எதிரில் உட்கார். யூடியூபில் வேண்டாம், நேரில் போ. பன்னிரண்டு வருஷம் என்னிடம் கற்ற கை உன்னுடையது. அங்கே ஒருவர் மூன்று சுரம் வாசித்தால் நாலாவது உன் விரலுக்குத் தானே வரும். நான் ஆறு மாதம் அங்கே இருந்தும், அலமாரி மேலிருந்த வயலின் பெட்டி ஒருநாள்கூடக் கீழே இறங்கவில்லை. குழந்தையைப் பார்ப்பாயா வயலினைப் பார்ப்பாயா என்று அப்போது வாய்திறக்கவில்லை. இப்போது அவன் நடக்கிறான்.

அந்த ஆல்பத்தைப் பையனுக்குப் பின்கதவைத் திறந்துவைத்துப் போட்டுக் காட்டு. அந்தச் சில்வண்டுகள் இனி 2037-இல்தான் வரும், அவனுக்கு அப்போது 13 வயது.

பெட்டியில் ஒரு தந்தி அறுந்திருக்கிறது, மாப்பிள்ளையிடம் சொல்லி வாங்கிக்கொள். வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் வலது மூலையில் இருக்கிறது. கிளம்புகிற அன்று மஞ்சள் துணியில் சுற்றி வைத்தேன்.

அன்புடன்,
அம்மா