மூன்றாம் முட்டையிலிருந்து எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

உயரமான கட்டடங்களில் முட்டையிடும் பொரி வல்லூறுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். புறா வளர்ப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பைரி என்று சொல்லும் பறவைதான் இது. கட்டுரை நன்று. ஆனால் முதல் முட்டையிலிருந்து முப்பது நாளை எண்ணிக் குஞ்சை எதிர்பார்க்கச் சொல்லியிருப்பதைத் திருத்தியாக வேண்டும். கூடு பார்க்கும் வேலையில் மற்ற எல்லாத் தேதிகளும் இந்த ஒரு கணக்கில்தான் தொங்குகின்றன.

வழக்கமாக மூன்று அல்லது நான்கு முட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு நாள். முதல் முட்டை இட்டதும் தாய் முழுமூச்சாக அடைகாக்கத் தொடங்குவதில்லை. பக்கத்தில் நிற்கும், கொஞ்ச நேரம் மூடும், எழுந்து போய்விடும். கூட்டுக் கேமராவின் நேரலையில் பார்ப்பவர்கள் ‘முட்டையைக் கைவிட்டுவிட்டது’ என்று பதறுவது இந்த நாட்களில்தான். மூன்றாம் முட்டை வந்த பிறகே அடை உறுதியாகிறது. அதனால்தான் குஞ்சுகள் ஓரிரு நாள் இடைவெளிக்குள் ஒன்றாக வெளிவருகின்றன. அங்கிருந்து 33 நாள் என்று வைத்துக்கொண்டால், முதல் முட்டையிலிருந்து 37, 38 நாள் ஆகிறது. முப்பதோடு நிறுத்திக்கொண்டவர் நல்ல முட்டையைக் கூமுட்டை என்று எழுதிவிடுவார். ஓட்டில் முதல் கீறல் விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர இரண்டு, மூன்று நாள் பிடிக்கும்.

கேமரா இல்லாத கூட்டை, குறிப்பாகப் பாறைக் கூட்டை, தரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். பாறை விளிம்பில் சுண்ணாம்பு வழிந்ததுபோல எச்சக் கறை தெரிந்தால் அங்கே தொடங்கலாம். ஆனால் பழைய கறையும் புதுசு போலவே தெரியும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. நம்பத் தகுந்தது ஆள் மாறும் காட்சி. ஆண் இரையோடு வந்து கூப்பிடும், பெண் எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போகும், ஆண் போய் முட்டை மேல் உட்காரும். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பிறகு மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. அரை மணி நேரம் நின்றுவிட்டு ‘ஒரு பறவைதான், கூடு இல்லை’ என்று எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. விடியலில் தொடங்கித் தொடர்ந்து நான்கு மணி நேரம், முடிந்தால் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். ஒன்றும் நடக்காத நேரத்தையும் நோட்டில் குறிக்க வேண்டும்.

தொலைநோக்கிக்கு 80 மி.மீ. முன்வில்லை, 20 முதல் 60 மடங்கு உருப்பெருக்கம், ஆடாத முக்காலி போதும். வெயில் ஏறிய பிறகு 60 மடங்கில் கானல்தான் பெரிதாகும். 30-க்கு இறக்கினால் பறவை தெரியும். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைப் பறவையே சொல்லிவிடும். ‘கெக் கெக் கெக்’ என்று விடாமல் கத்தினால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். அது உங்களைத் திட்டும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது. ட்ரோன் கூடவே கூடாது. பறவை அதன் மேல் பாயும், சுழலும் தகட்டில் இறக்கை சிக்கும்.

பொரித்த நாள் கேமராவில் தப்பிப்போனால் குஞ்சின் உடம்பைப் பார்த்து வயதைப் பிடிக்கலாம். முதல் வாரத்தில் மெல்லிய வெண்தூவிக்குள் இளஞ்சிவப்புத் தோல் தெரியும். பத்து நாள் வாக்கில் இரண்டாம் தூவி அடர்ந்து, பஞ்சு மூட்டை போல் ஆகும். தாய் அதன் பிறகு நெடுநேரம் மூடிக்கொண்டிருக்காது. இருபது நாளில் இறக்கை ஓரத்தில் கறுப்பு இறகு முளைகள் வரிசை கட்டும். 28 நாளில் பாதி பழுப்பு, பாதி வெள்ளை. 35-ல் தலையிலும் இறக்கையின் அடியிலும் மட்டும் தூவி ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று: மூன்று வாரக் குஞ்சு பின்பக்கமாக நகர்ந்து வந்து எச்சத்தைப் பீய்ச்சி அடிக்கும். கேமரா லென்ஸ் அதற்கு நேர் எதிரே இருந்தால் படம் அன்றோடு சரி. துடைக்கிறேன் என்று ஏணி வைப்பதைவிட, கூட்டில் பறவை இல்லாத பருவத்திலேயே பக்கவாட்டில் இன்னொரு கேமரா பொருத்திவிடுவது மேல்.

பறவையைப் பின்னால் அடையாளம் காணக் காலில் வளையம் இடும் நாளை முடிவு செய்யும்போதுதான் கணக்குப் பிழையின் விலை தெரியும். ஏறக்குறைய 18 முதல் 25 நாள் வரை என்பது சும்மா சொன்ன எல்லை அல்ல. அதற்கு முன்பு கால் முழுதாக வளர்ந்திருக்காது, ஆணா பெண்ணா என்றும் உறுதியாகாது. பெண்ணின் கால் தடிமனானது, அதற்குப் பெரிய வளையம் வேண்டும். 28 நாளைத் தாண்டிப் போனாலோ, ஆளைக் கண்டு மிரண்ட குஞ்சு பறக்கத் தெரியாமலே விளிம்பிலிருந்து குதித்துவிடும். ஒரு வாரம் பிசகிய தேதியோடு கூட்டுக்கு ஏறினால் குஞ்சுகளைக் கொல்லப் போவதற்குச் சமம். உரிமம் பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வண்ண வளையத்தின் எழுத்தைப் படிக்கக் காலை வெளிச்சம்தான் நல்லது. பறவை இறகைக் கோதும்போது காலைத் தூக்கும், அப்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள். B என்ற ஆங்கில எழுத்தும் 8-ம் தூரத்தில் ஒன்றுபோல் இருக்கும். சந்தேகமிருந்தால் இரண்டையும் எழுதுங்கள், ஊகித்து ஒன்றைத் தேர்ந்துவிடாதீர்கள். பறவை இருக்கும் இடத்தைச் சொல்ல முதுகில் கட்டும் டிரான்ஸ்மிட்டர் உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 600 கிராம் ஆணுக்கு 18 கிராம்தான், அதுவும் பட்டையையும் சேர்த்து. சூரியத் தகட்டை முதுகு இறகு மூடிவிட்டால் மின்னேற்றம் குறைந்து சமிக்ஞை நின்றுபோகும். ஆகவே வரைபடத்தில் இடப்புள்ளி வரவில்லை என்பதற்காகப் பறவை செத்தது என்று எழுதிவிடக் கூடாது. புள்ளி வந்துகொண்டே இருந்து ஒரே இடத்தில் நின்றால்தான் போய்ப் பார்க்க வேண்டும். பட்டை அறுந்தும் விழுந்திருக்கலாம்.

குஞ்சு பொரித்த 36-ஆம் நாளிலிருந்து ஒரு பத்து நாள் கூட்டை விட்டுத் தரையைப் பாருங்கள். எடை குறைவான ஆண் குஞ்சுகள் முதலில் கிளம்பும், பெண்கள் சில நாள் பின்தங்கும். பாறையில் தவறினால் கீழே இன்னொரு விளிம்பு கிடைக்கும். கட்டடத்தில் அப்படி இல்லை, கண்ணாடியில் மோதி நடுச்சாலையில் வந்து உட்காரும். தரையிலிருந்து எழும்பத் தெரியாத அந்த ஓரிரு நாள்தான் ஆபத்து. கனத்த துண்டை மேலே போட்டு, உகிர்களை விலக்கி, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடுங்கள். இருட்டில் அது அடங்கிவிடும். தண்ணீரோ இறைச்சியோ வேண்டாம். உடனே வனவிலங்குத் துறைக்கோ மீட்புக் குழுவுக்கோ சொல்லுங்கள். காயம் இல்லையென்றால் அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் விடுவார்கள், பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். கூட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் மிச்சக் குஞ்சுகளும் மிரண்டு குதிக்கும்.

பொரியாத, உடைந்த முட்டைகளையும் தேதியோடு எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் வல்லூறுக் கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடப்பதை 1958-லேயே பதிவு செய்தார். ஏன் என்பது 1967-ல் தெளிந்தது: பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை எடைபோட்டு ஒப்பிட்டபோது, 1940-களின் இறுதியிலிருந்து ஓடு மெலிந்திருந்தது. அந்தக் காலத்தில்தான் டி.டி.டி. பூச்சிமருந்து வயல்களுக்கு வந்தது. அதன் எச்சம் இரைப் பறவைகள் வழியே தாயின் உடம்பில் சேர்ந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தையே ஓடு தாங்காமல் செய்தது. அமெரிக்கா 1972-ல் அதைத் தடை செய்தது. 1999-ல்தான் பொரி வல்லூறை அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து எடுக்க முடிந்தது.

கடைசியாக, தங்கள் நாளிதழுக்கே ஒரு வேண்டுகோள். வேட்டைக்குப் பழக்க வல்லூறுக் குஞ்சுகளைத் திருடி விற்பவர்கள் இன்றும் உண்டு. பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கை இப்பறவையின் வணிகத்தைக் கட்டுப்படுத்தியிருப்பது சும்மா இல்லை. கூட்டின் படத்தை வெளியிடும்போது கட்டடத்தின் பெயர், மாடி எண், பின்னணியில் அடையாளம் தெரியும் கோபுரம் எதுவும் வேண்டாம். வாசகர் அனுப்பும் கைபேசிப் படத்துக்குள் இடக்குறியீடும் ஒளிந்திருக்கும், இணையத்தில் ஏற்றுமுன் அதை அழித்துவிடுங்கள். பொரித்த அன்றே செய்தி போட வேண்டும் என்ற அவசரமும் இல்லை. பறந்த பிறகும் நான்கைந்து வாரம் குஞ்சுகள் பெற்றோரைக் கத்திக்கொண்டே துரத்தி, வானத்திலேயே இரையைப் பிடுங்கித் தின்னும். கூட்டிலிருக்கும் பஞ்சு மூட்டையைவிட அதுவே நல்ல படம்.

இப்படிக்கு,
கூடு கண்காணிக்கும் தன்னார்வலர்கள் சிலர்