உப்பை ஒளித்து வைக்கும் உறை

ஆசிரியருக்கு வணக்கம்.

உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு படிப்பது அண்மையில் எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் ஒரே கேலிதான். 'சோடியம் 800 மில்லிகிராம்' என்று பார்த்தால் அற்பமாகத் தோன்றும். சோடியம் உப்பின் ஒரு பகுதிதான்; அந்த அளவை 2.5 ஆல் பெருக்கினால்தான் உப்பின் கணக்கு வரும்: 2 கிராம். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 800-உம் 'ஒரு வேளைப் பங்குக்கு' மட்டும். பொட்டலத்திலோ பல நேரம் இரண்டு பங்கு. பாதியில் யார் நிறுத்துகிறார்கள்?

உடல்நலம் என்றால் நடை, தூக்கம் பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம், நல்லதே; உப்பைப் பற்றியும் பேச வேண்டும். உப்பை உப்பு என்றே, முழுப் பொட்டலத்துக்கும் கணக்கிட்டு, முன்புறத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென உங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதக்கூடாதா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்