திராட்சைத் தோட்டங்களில் கோடை மழைநீர் தேங்காதபடி ஓடையைத் தூர்வாரக் கோரும் மனு

அனுப்புநர்:
பன்னீர் திராட்சை விவசாயிகள்,
கம்பம் பள்ளத்தாக்கு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

ஐயா,

வணக்கம். இந்த ஓடையைப் பற்றிக் குறைதீர் கூட்டத்தில் ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். ரசீது வந்தது, பதில் வரவில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் தாங்கள் வந்திருப்பீர்கள். ரோட்டோரப் பந்தல்களுக்குப் பின்னால் மலைத்தண்ணீர் இறங்கும் ஓடையைத்தான் சொல்கிறோம்.

1. குளிர் நாடுகளில் பனிக்காலம் முடிந்து சூடு ஏறும்போது திராட்சைக் கொடி தானாகத் துளிர்க்கும். நம் பள்ளத்தாக்கில் கொடிக்கு அந்தக் குளிர்கால உறக்கம் இல்லை. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால்தான் மொட்டு உடையும். அதனால்தான் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கிறது, கேரள வியாபாரிகளும் குமுளி வழியாக வந்து எடுத்துப் போகிறார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

2. மாசி, பங்குனியில் கவாத்து செய்த தோட்டங்களுக்குத்தான் பெரிய அடி. தளிர் முதலில் தண்டில் சேர்ந்திருக்கும் சத்தை வைத்து வளரும். அது தீரும் நேரத்தில் புது வேர் ஓடி மண்ணிலிருந்து சத்தை எடுத்துத் தர வேண்டும். சரியாக அந்த நேரத்தில் கோடை மழை கொட்டுகிறது. மழையைக் குறை சொல்லவில்லை, அது எங்களுக்கும் வேண்டும். ஆனால் ஓடை முழுக்கக் கருவேல முள்ளும் கட்டடக் கழிவும் அடைத்துக் கிடப்பதால் தண்ணீர் போக வழியில்லாமல் பந்தலுக்குள் ஏறி நிற்கிறது. மண்ணில் காற்றுப் போகாவிட்டால் வேர் வேலை செய்யாது. சுண்ணாம்பு கலந்த நிலத்தில் ஈரம் தேங்கினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் கொடிக்கு ஏறாது. நரம்பு மட்டும் பச்சையாக, இளம் இலை வெளுத்துப் போகிறது. உரம் போட்டால் தேறுமா, ஐயா? வேர் மூழ்கிக் கிடக்கும்போது எந்த உரத்தைப் போட்டு என்ன?

அப்புறம் அடிச்சாம்பல் நோய். இலையில் ஈரம் காயாமல் இருந்தால் போதும், அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, பூக்கொத்து வரைக்கும் கருகிவிடும். உடனே போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை அடிக்க வேண்டும். சேற்றுக்குள் மருந்து டேங்கை எப்படிக் கொண்டுபோவது? தண்ணீர் வடியும்வரை கரையில் நின்று கொத்து கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிஞ்சு பிடிக்காத கொடிக்கும் கூலி கொடுத்தாயிற்று, கடனும் வாங்கியாயிற்று. இதை எத்தனை முறை எழுதுவது?

3. ஓடையைத் தூர்வாருங்கள். முள்ளை வெட்டி, கழிவை அள்ளி, ரோட்டடிக் குழாயின் அடைப்பை எடுத்தாலே பாதித் துன்பம் தீரும்.

4. ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் தோட்டக்கலை அலுவலர்களும் தளிர் விடும் நேரத்தில், தண்ணீர் நிற்கும்போதே வந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். காய்ந்த பிறகு வந்தால், “நிலம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மண் மாதிரி கொடுத்தவர்களுக்கு முடிவையாவது தரச் சொல்லுங்கள். முடிவு தெரியாமல் எதைப் போடுவது, எதை நிறுத்துவது?

5. இது எங்கள் வேலை இல்லை என்று ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டுகிறது. ஓடை யாருடையது என்பதையாவது தாங்கள் சொல்லுங்கள் ஐயா, நாங்கள் அங்கே போய் நிற்கிறோம்.

அடுத்த மாசிக் கவாத்துக்கு முன்னால் ஓடையைத் தூர்வாரித் தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கொடியில் கவாத்துக் கத்தரி வைத்த பிறகு வரும் உத்தரவால் பயனில்லை. தயவுசெய்து அதற்கு முன்னால் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பன்னீர் திராட்சை விவசாயிகள்

இணைப்பு: முந்தைய மனு ரசீதின் நகல், தண்ணீர் நின்ற தோட்டங்களின் புகைப்படங்கள்