முள்ளோடை பெட்ரோல் பங்கும் சியாட்டில் துப்பாக்கி வரியும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி வலி என்று சாக்குச் சொல்லலாம்; முட்டியாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். சோம்பல்தான். டாக்டர் படி ஏறாதே என்கிறார், படுக்கையறையோ மாடியில். விஜயா இரவு டியூட்டிக்குப் போய்விட்டாள். வெளியே அதே நசநச மழை. அடித்தும் பெய்யாது, விட்டும் தொலைக்காது.

பிரஸ்ஸுக்குப் புது மெஷின் வாங்கியதில் ரொம்ப சந்தோஷம். அப்பா இருந்திருந்தால் முதல் தாளை மஞ்சள் தடவிப் பூஜையில் வைத்திருப்பார். நீ வைத்தாயா?

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "சிகரெட்டுக்கு வரி போடுகிறான், சாராயத்துக்குப் போடுகிறான். துப்பாக்கிக்குப் போட்டால் மட்டும் ஏன் கூப்பாடு? நீயும் அந்தக் கட்சியாமே?" கோபால் போட்டுக்கொடுத்திருப்பான். அவனுக்கு வேறு வேலை இல்லை.

என் வீட்டில் துப்பாக்கி கிடையாது. வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் சியாட்டில் நகரம் போட்ட இந்தத் துப்பாக்கி வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்பதைக் கடலூர்க்காரனுக்கு விளக்குவது சுலபம் என்றுதான் தோன்றுகிறது.

நீ வண்டிக்கு பெட்ரோல் எங்கே போடுகிறாய்? ஆல்பேட்டையைத் தாண்டி முள்ளோடையில். ஏன்? அது புதுச்சேரி, விலை குறைவு. சாராயம் வாங்குகிறவன் அங்கே போகும் கதை உலகத்துக்கே தெரியும். எல்லைக்கோடு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கும்போது ஒருபக்கம் மட்டும் வரி போட்டால், வியாபாரம் மறுபக்கம் நகரும். சியாட்டிலிலும் அதுதான் நடந்தது.

2015 ஆகஸ்டில் நகரமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2016 ஜனவரியிலிருந்து ஒரு துப்பாக்கி விற்றால் 25 டாலர்; .22 வகைச் சின்னத் தோட்டா ஒன்றுக்கு 2 சென்ட், மற்றவற்றுக்கு 5 சென்ட். கட்ட வேண்டியது கடைக்காரர், சுமை வாங்குகிறவன் தலையில். ஆண்டுக்கு 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் டாலர் வரை வரும், துப்பாக்கிச் சூட்டைத் தடுக்கும் ஆய்வுகளுக்கும் திட்டங்களுக்கும் செலவழிப்போம் என்றார்கள். முதல் ஆண்டு வசூல் எவ்வளவு என்று கேட்டதற்கு நகராட்சி சரியான தொகையைச் சொல்லவில்லை. கடைகள் ஒரு சிலதான், கணக்கைச் சொன்னால் யார் எவ்வளவு விற்றார் என்று தெரிந்துவிடுமாம். எதிர்ப்பாளர்கள் அதற்கும் கோர்ட்டுக்குப் போக, கடைசியில் வெளியே வந்த தொகை 1,03,766 டாலர். அடுத்த ஆண்டு அதுவும் குறைந்தது.

வரியை எதிர்த்து வழக்குப் போட்ட இரண்டு கடைகளில் ஒன்று லின்வுட்டுக்குக் குடிபோய்விட்டது. சியாட்டிலிலிருந்து வடக்கே காரில் அரைமணி, எங்கள் வீட்டுக்குப் பக்கம். நகர எல்லைக்கு வெளியே என்பதால் இந்த வரி கிடையாது. போன துப்பாக்கி ஒன்றும் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை, நெடுஞ்சாலையில் நாலு எக்ஸிட் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சியாட்டில் பெற்றது என்ன? அந்தக் கடை கட்டிவந்த விற்பனை வரியும் சேர்ந்து போனதுதான்.

பக்கத்து வீட்டு டேவ் பற்றி எழுதியிருக்கிறேனே, மான் வேட்டைக்காரர், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் வம்படியாக என்னைச் சுடும் பயிற்சிக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். காதில் பெரிய மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. அப்படியும் ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சு அதிர்ந்தது. பக்கத்துத் தடுப்பில் சுட்டவனின் காலித் தோட்டாக் கூடு ஒன்று பறந்து வந்து என் சட்டைக் காலருக்குள் விழுந்தது. அடுப்பிலிருந்து எடுத்த வடை மாதிரிச் சூடு! நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அந்தக் கூடமே சிரித்தது. கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

அன்று டேவ் 200 தோட்டா சுட்டார். சியாட்டிலில் வாங்கியிருந்தால் அதற்கு மட்டும் 10 டாலர் வரி. அட்டையில் ஓட்டை போட்ட மனிதருக்கு 10 டாலர். ஒருவனைக் கொல்ல ஒரு தோட்டா போதும், அதற்கு 5 சென்ட். கொலைகாரன் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்ப வாங்க வருவதில்லை. வாராவாரம் வருவது பயிற்சிக்காரன்தான். சிகரெட் விஷயம் வேறு. இழுக்கிற ஒவ்வொரு சிகரெட்டும் கேடு, அதனால் எண்ணிக்கைக்கு வரி போடுவதில் நியாயம் இருக்கிறது. தோட்டாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

வழக்கு இன்னும் வேடிக்கை. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் சட்டம் எந்த நகராட்சியும் தனியாகப் போடக்கூடாது, அது மாநிலத்தின் வேலை என்று சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் ஏற்கெனவே சட்டம் உண்டு. இது வரி வேஷம் போட்ட கட்டுப்பாடு என்பது எதிர்ப்பாளர் வாதம். இல்லை, வருமானத்துக்காகத்தான் என்றது நகராட்சி. மாநில உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் எட்டுக்கு ஒன்று என்று நகராட்சி பக்கம் தீர்ப்பளித்தது: இது வரிதான். தீர்ப்பைக் குறை சொல்ல நான் வக்கீல் இல்லை. ஆனால் யோசித்துப் பார். வருமானத்துக்காக என்றால் வருமானம் வரவில்லை. விற்பனையைக் குறைக்கத்தான் என்று ஒப்புக்கொண்டால் சட்டம் இடம் தராது.

அச்சகக்காரன் உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மின்னசோட்டா மாநிலம் பத்திரிகைகள் வாங்கும் மைக்கும் காகிதத்துக்கும் தனி வரி போட்டது. 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அரசியல் சாசனம் காக்கிற ஒன்றைத் தனியாகப் பொறுக்கி எடுத்து வரி போடாதே என்பதுதான் சாரம். துப்பாக்கியும் இங்கே சாசனத்தில் இருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் வேறு நீதி என்கிறார்கள் வரியை எதிர்ப்பவர்கள். பத்திரிகையும் துப்பாக்கியும் ஒன்றா என்று நீ கொதிப்பாய். எனக்கும் முழுக்க ஒட்டவில்லை. ஆனாலும் கேள்வியை உதறித்தள்ள முடியவில்லை.

இவர்கள் எல்லா வரிக்கும் எதிரி என்றும் நினைக்காதே. பல பத்தாண்டுகளாகவே மத்திய அரசு கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும், நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதமும் வாங்குகிறது. அந்தப் பணம் காட்டுயிர் பாதுகாப்புக்குப் போகிறது. டேவ் அதைப் பெருமையாகச் சொல்வார், "இந்த மான்களுக்குத் தீனி போடுவது நாங்கள்தான்" என்று. கொடுத்த காசு போன இடம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் வலிக்கவில்லை.

அவர் சொல்வதிலும் ஒன்றை நான் ஏற்கவில்லை. வரி வந்த பிறகும் சியாட்டிலில் கொலைகள் கூடின, பார்த்தாயா என்பார். 2020இல் நாடு முழுக்கத்தான் கூடியது. வரி அதைத் தடுக்கவில்லை என்று சொல்லலாம். அதைக் காட்டி வரியைக் குற்றவாளி ஆக்குவது வக்கீல் தந்திரம்.

இதையெல்லாம் விஜயாவிடம் ஒருநாள் காலையில் விளக்கினேன். டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். சியாட்டிலின் ஹார்பர்வியூ மருத்துவமனையில் 2014இல் மட்டும் துப்பாக்கிக் காயத்துக்கு ஆன வைத்தியச் செலவு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல், அதில் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வரிப்பணம் என்று நகராட்சி காட்டிய கணக்கு அவளுக்கு மனப்பாடம். "அதை யார் கட்டுவது?" என்றாள். எல்லாரும் சேர்ந்துதான், தீயணைப்பு வண்டிக்குக் கட்டுகிற மாதிரி என்றேன். "ராத்திரி மூன்று மணிக்குப் பத்தொன்பது வயசுப் பையனின் அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அன்று தோசைக்குச் சட்னி நான்தான் அரைத்தேன்.

ஒரு நல்ல செய்தி. தை மாதம் விடுப்புக் கிடைக்கும் போலிருக்கிறது. ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றில் இருப்பேன். சிறுவள்ளிக் கிழங்கு வாங்கி வைக்காதே, கூட்டத்தில் நானே பேரம் பேசி வாங்க வேண்டும். உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றலாம். பெட்ரோல் என் செலவு. முள்ளோடையில்தான் போடுவேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்