சீன மைப் புட்டிகளில் மையின் வகையும் அச்சிடப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைப்பேனாவால் எழுத விரும்பும் மாணவர்களும் இளைஞர்களும் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சீன மைகளை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். விலை குறைவு என்பதாலேயே அவற்றைத் தரமற்றவை என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஷாங்காயில் 1931இல் தோன்றிய ஆலையின் ஹீரோ பேனாவைச் சட்டைப் பையில் செருகி நடந்த தலைமுறைக்கு இதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. என் கவலை வேறு: வெவ்வேறு இயல்புள்ள பல திரவங்கள் 'மை' என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன, வாங்குபவருக்கு அந்த வேறுபாட்டைச் சொல்வார் இல்லை.

சாயத்தை நீரில் கரைத்துச் செய்யும் சாதாரண மையால் பேனாவுக்குக் கேடில்லை. ஆனால் அன்றாட எழுத்துக்கு நம் கேம்லினும் சுலேகாவும் போதும் என்பதே என் கருத்து. சீன மையைத் தேடிப் போவதற்குத் தக்க காரணம், தண்ணீர் பட்டாலும் அழியாத மைகள் அங்கே குறைந்த விலைக்குக் கிடைப்பதுதான். ஹீரோ 234 கார்பன் மை அத்தகையது. நுண்ணிய கரித்துகள்கள் தாளின் இழைகளில் படிந்துவிடுவதால், காய்ந்தபின் அதன்மேல் நீர்வண்ணம் தீட்டினாலும் கோடு கலையாது. ஓவியர்கள் அதை விரும்புவது இதனால்தான். அதே துகள்கள், எழுதாமல் போட்டுவைத்த பேனாவில் நிப்புக்கு அடியிலுள்ள மெல்லிய மைவழியில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். நாள்தோறும் எழுதுபவரும், அவ்வப்போது பேனாவைக் கழற்றித் தண்ணீரில் அலசுபவரும் மட்டுமே அதை வாங்கலாம்.

ஹீரோ 232 நீலக்கருப்பு மை வேறு வகை. நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காயில் உள்ளது போன்ற டானிக் அமிலப் பொருளுடன் இரும்பு உப்பைச் சேர்க்கும் பழைய முறையைச் சார்ந்தது அது. எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப் பட்டபின் கருத்துப்போகும். அமிலத்தன்மை உடையதாகையால், நெடுநாள் பேனாவிலேயே தங்கினால் எஃகு நிப்பை அரிக்கக்கூடும். வேறு மையுடன் கலந்தால் கசடு படியவும் கூடும்.

இவற்றைவிட அதிகமாக நான் அஞ்சுவது, சீனப் பள்ளி மாணவர்களுக்கென்று செய்யப்படும், வெப்பத்தால் அழியும் மை அடைத்த மைக்குழல்களை (பேனாவினுள் செருகும் கார்ட்ரிட்ஜ்). பிழையாக எழுதியதைத் தேய்த்தால், உராய்வின் சூட்டில், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில், நிறம் மறைந்துவிடும். வீட்டுப்பாடத்துக்கு அது வசதிதான். ஆனால் அதே மையால் நிரப்பிய விண்ணப்பத்தையோ கையெழுத்திட்ட சான்றிதழையோ லேமினேட் செய்யக் கொடுத்தால், அந்த இயந்திரத்தின் சூட்டிலேயே எழுத்து போய்விடும். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்த தாளுக்கும் இந்த நிலை வரலாம். காசோலையிலும் பத்திரத்திலும் இத்தகைய மை ஏறினால் விளையும் கேட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. உறையின்மேல் சீன மொழியில் எச்சரிக்கை இருந்தாலும், அதைப் படிக்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? ஐயம் இருந்தால், எழுதிக் காய்ந்த தாளின்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

மைக்குழல்களின் வாய் அளவும் ஒன்றல்ல, 2.6 மி.மீ., 3.4 மி.மீ. என இருவகை விற்பனைக்கு வருவதால், பேனாவுக்குப் பொருந்தாததை வாங்கி வீணாக்கும் பெற்றோர் உண்டு.

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றோடு பொருளின் பொதுப்பெயரையும் அச்சிட வேண்டும். 'மை' என்று போட்டுவிட்டால் அந்தப் பொதுப்பெயர் நிறைவேறிவிடுகிறது. அது போதாது. சாய மையா, கார்பன் மையா, இரும்பு கலந்த மையா, சூட்டில் அழியும் மையா என்பதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒட்டுச்சீட்டில் தெரிவிக்க இறக்குமதியாளர்கள் தாமே முன்வர வேண்டும். இணையக் கடைகளும் விற்பனைப் பக்கத்தில் மையின் வகையையும் குழலின் வாய் அளவையும் குறிப்பிட வேண்டும். சூட்டில் அழியும் மைக்கு மட்டுமாவது, 'ஆவணங்களில் பயன்படுத்தக் கூடாது' என்ற எச்சரிக்கையை நுகர்வோர் விவகாரத் துறை கட்டாயமாக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.