செர்டிஃபிகேட்டுக்கு முன்னால் சாமானைக் காட்டுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்,

தொழிற்சாலைகளில் கிரேன், லிஃப்ட், செயின் போன்ற தூக்குச் சாமான்களை ஆய்வு செய்து செர்டிஃபிகேட் தருவது எங்கள் வேலை. வருடாந்திர ஆடிட் நெருங்கினால் எங்கள் போன் ஓயாது. "கிரேன் செர்டிஃபிகேட் தேதி முடியப் போகுதுங்க, போன வருஷக் காப்பியை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கேன், தேதியை மட்டும் மாத்திக் கொடுத்துடுங்க" என்று பலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆர்டர் நெருக்கடி அப்படி. ஆனாலும் அதை நாங்கள் செய்வதில்லை, இனியும் செய்யப்போவதில்லை. அதோடு, எங்கள் ஆய்வுக்கு அரை நாள் மெஷினை நிறுத்தச் சொல்கிறோமே, அது எதற்கு என்றும் விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் சட்டம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு கூண்டோ தளமோ ஏறி இறங்குகிற ஹாய்ஸ்ட், லிஃப்ட் பற்றியது, 29ஆவது பிரிவு கிரேன், வின்ச், செயின் பிளாக், அவற்றோடு சேர்ந்த செயின், கயிறு, கொக்கி எல்லாவற்றையும் பற்றியது. முதல் வகைக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாவது வகைக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முழு ஆய்வு நடக்க வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆய்வைச் செய்ய அதற்கான அங்கீகாரம் பெற்ற காம்பிடன்ட் பர்சன் (தகுதியுள்ள ஆய்வாளர்) வேண்டும், உங்கள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையெழுத்து இதற்குச் செல்லாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்த பிறகு, "பழைய சட்டம் போயிடுச்சே, இனிமே இதெல்லாம் வேணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். மாறும் காலத்தில் பழைய சட்டங்களின் உரிய பிரிவுகளும் விதிகளும் தொடரும் என்று மத்திய அரசே அறிவித்திருக்கிறது. புது விதிகளில் படிவமோ பதிவு முறையோ மாறினால் நாங்களே தெரியப்படுத்துகிறோம், அதுவரை உங்கள் பழைய தேதிகளையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, "முழு ஆய்வு" என்றால் என்ன? சட்டமே சொல்லிவிடுகிறது: கண்ணால் பார்ப்பது, தேவைப்பட்டால் பாகங்களைக் கழற்றிப் பார்ப்பது, சூழ்நிலை அனுமதிக்கிற அளவு கவனமாகப் பார்த்து இது பாதுகாப்பானதா என்று நம்பத்தகுந்த முடிவுக்கு வருவது. கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது இதில் சேராது. செயின் பிளாக்கைத் திறந்தால்தான் பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் ஏறியிருப்பது தெரியும். வயர் ரோப்பில் (இரும்புக் கம்பிக் கயிறு) வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டம் எடுக்க வேண்டும், அதையும் புரிகளின் முகட்டின் மேல் வைத்து, ஒரே இடத்தில் இல்லாமல் பல இடங்களில் எடுக்க வேண்டும், ஏனென்றால் டிரம்மில் திரும்பத் திரும்ப மடங்குகிற பகுதிதான் முதலில் தேயும். கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, பக்கவாட்டில் முறுக்கியிருக்கிறதா, கொக்கி வாயை மூடும் லாட்ச் வேலை செய்கிறதா, கொக்கி மேல் எல்லைக்கு வந்ததும் மேல் லிமிட் சுவிட்ச் உண்மையிலேயே நிறுத்துகிறதா, இதையெல்லாம் ஓட்டிப் பார்க்காமல் எழுத முடியாது. கூட்ஸ் லிஃப்ட் என்றால் கதவு இன்டர்லாக். கூண்டு அந்தத் தளத்தில் நிற்காதபோது கதவு திறக்கக்கூடாது, கதவு மூடாமல் கூண்டு நகரக்கூடாது. அந்த இன்டர்லாக் சுவிட்ச் வேலை செய்யாதபடி வயர் போட்டு இணைத்து வைத்திருந்தால் அன்றைக்கு ஆய்வு அங்கேயே நின்றுவிடும்.

இந்த மடலில் முக்கியமாக நான் சொல்ல வந்தது வேறு. நாங்கள் வரும்போது நீங்கள் கிரேனைத்தான் காட்டுகிறீர்கள். கிரேன் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆபத்து இருப்பது டை (அச்சு) ரேக்குக்குப் பின்னால் குவித்து வைத்திருக்கும் தூக்கும் பெல்ட், செயின், டி-ஷேக்கிள் (பின் போட்டு மூடும் வளையம்), ஐ-போல்ட் (தலையில் வளையமுள்ள போல்ட்) மூட்டையில். சட்டத்தின் கணக்கில் இவையும் ஆய்வுக்கு உட்பட்ட சாமான்தான், ஒவ்வொன்றுக்கும் அடையாள எண்ணும் எத்தனை டன் தூக்கலாம் என்ற குறியும் இருக்க வேண்டும். அந்த மூட்டையைப் பிரித்தால் கிடைப்பது இதுதான்: பின் தொலைந்துபோன ஷேக்கிளில் ஏதோ ஒரு சாதா போல்ட், அறுந்த கண்ணியை வெல்டு வைத்து ஒட்டிய கிரேடு 80 (தூக்குவதற்கான பலமான எஃகு) செயின், நடுவில் முடிச்சுப் போட்டுச் சுருக்கிய பெல்ட். கிரேடு 80 செயினின் பலமே அதன் வெப்பப் பதப்படுத்தலில்தான் இருக்கிறது, வெல்டு வைத்த இடத்தில் அது போய்விடும், வெளியே பார்க்க மட்டும் உறுதியாகத் தெரியும். பெல்ட்டுக்கு ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன் என்று நிறக் கணக்கு உண்டு. ஆனால் ஃபவுண்டரியில் ஆறு மாதம் கிடந்தால் எல்லாம் ஒரே கறுப்பு, லேபிளும் கிழிந்திருக்கும். லேபிள் இல்லாத பெல்ட்டை நாங்கள் பாஸ் செய்வதில்லை. தையல் நன்றாக இருந்தாலும் சரி, விலை போட்டு வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தாலும் சரி.

கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, இதை உங்கள் ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்கு அவசியம் சொல்லுங்கள். 1 டன் காஸ்டிங்கை (வார்ப்பு) இரண்டு கால் ஸ்லிங்கில், அதாவது ஒரே கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரிகிற செயினிலோ கயிற்றிலோ, தூக்குகிறீர்கள். கால்கள் நேராக நின்றால் காலுக்கு 500 கிலோ. இரண்டுக்கும் நடுவில் 90 டிகிரி விரிந்தால் 707 கிலோ. 120 டிகிரி என்றால் ஒவ்வொரு காலிலும் முழு 1,000 கிலோ. தூக்குகிற எடை ஏறவே இல்லை, ஸ்லிங் சின்னதாக இருந்ததால் மட்டும் பாரம் இரட்டிப்பாகிவிட்டது. சுவரில் கோணத்தோடு கூடிய ஒரு எடை அட்டவணை ஒட்டி வைத்தால் இதைத் தடுக்கலாம், கேட்டால் நாங்களே தமிழில் அச்சடித்துத் தருகிறோம், காசு வேண்டாம்.

ஆய்வில் கழித்த பெல்ட்டையும் கயிற்றையும் உங்கள் கண் முன்னாலேயே வெட்டிப் போடுகிறோம் என்று சிலருக்கு வருத்தம். மூலையில் போட்டு வைத்தால் நைட் ஷிஃப்டில் அவசரத்துக்கு யாரோ ஒருவர் அதையே எடுத்து மாட்டுவார், அவருக்கு அது கழித்த சாமான் என்று தெரிந்திருக்காது. அதனால் இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதேபோல சர்வீஸ் வேறு, ஆய்வு வேறு. எங்களிடம் சர்வீஸ் செய்த ஆள் அதே மெஷினுக்கு ஆய்வுக் கையெழுத்துப் போடுவதில்லை, தான் மாட்டியதைத் தானே சந்தேகப்பட்டுப் பார்ப்பது யாருக்கும் கஷ்டம்.

ஆய்வுக்கு முந்தைய நாள் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரேக், டூல் ரூம், லாரி டிரைவர் கேபின் என்று எங்கெங்கோ கிடக்கிற தூக்குச் சாமான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வையுங்கள், மண்ணெண்ணெயில் துடைத்தெல்லாம் வைக்க வேண்டாம், பெல்ட்டை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய பதிவேடு, ஏற்றிப் பார்க்க எடை தெரிந்த ஒரு டை அல்லது காஸ்டிங், மேலே ஏற ஒரு நல்ல ஏணி, கிரேன் ஓட்டுகிற ஆள் கூடவே இருப்பது, இவை போதும். கிரேன் ஓடுகிற தண்டவாளப் பக்கம் நாங்கள் வேலை செய்யும்போது கிரேன் 6 மீட்டருக்குள் வரக்கூடாது என்பது சட்டம், அதனால் பக்கத்து பே (ஷெட் பகுதி) கிரேனையும் அந்த நேரத்துக்கு நிறுத்த வேண்டியிருக்கும். அடுத்த இரண்டு மாதத்தில் தேதி முடிகிறவர்கள் ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் வார விடுமுறை நாளையும் இப்போதே சொல்லிவிட்டால், உற்பத்தி கெடாத மாதிரி நேரம் ஒதுக்கிக்கொண்டு வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் தூக்குச் சாமான் சர்வீஸ் மற்றும் ஆய்வுக் குழு, கோயம்புத்தூர்